வெள்ளைக் கையுறை

(படிப்பகம் ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலைவாசியைப் பற்றிப் பேசுவான், வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் மானைப் பற்றிப் பேசப்போகிறேன். மானத்தைப் பற்றி மணிக்கணக்கிலே பேசுகிறவன், மானைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடாதா?

அதுவும் அமெரிக்க மான்! ஆண்டுக்கு ஒரு பருவம் குறித்து, அந்தப் பருவத்திலே இன்ன துப்பாக்கியால்தான், இன்ன குண்டால்தான் சுடவேண்டும் என்று சட்டம் வகுத்து, அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சண்டையும் நடத்திக்கொண்டிருக்கிறார்களே, அந்த மான்! "அந்தச் சண்டையிலே நமக்கென்ன அக்கறை?" என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் முணுமுணுப்பது என் காதிலே விழுகிறது. அக்கறை உண்டு, தோழரே! நாளைக்கு நீங்கள் ஊராட்சியிலே உட்காரக்கூடும், சட்டமன்றத்திலே அமரக்கூடும். சட்டம் என்பது யாருக்காக, எதற்காக என்று அறிந்துகொள்ள, இந்த மான் காட்டுகிற வழியைப்போல் தெளிவான வழி வேறொன்றை நான் கண்டதில்லை. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். பட்டம் பெறாதவனுக்கு உள்ள ஒரே வசதி, படிப்பை நிறுத்தவேண்டிய நாள் என்று ஒன்று வராததுதான். படித்ததைச் சொல்கிறேன், பொறுமையுடன் கேளுங்கள்.

நாடகக்காரன் அல்லவா, ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே மெய்ன் என்றொரு மாநிலம். 1988ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள். மான் வேட்டைப் பருவம். இளந்தாய் ஒருத்தி, வீட்டிலே இரட்டைக் குழந்தைகள். கொல்லைப்புறம் வருகிறாள். குளிர், கையிலே வெள்ளைக் கையுறை. அந்த நாட்டு மானுக்கு வெண்வால் மான் என்று பெயர். மிரண்டால் வாலைத் தூக்கும். வாலின் அடிப்புறம் வெள்ளை வெளேரென்று மின்னும். மரங்களுக்கிடையே வெள்ளையாய் ஏதோ அசைவதைக் கண்டான் வேட்டைக்காரன். 'டுமீல்!' மான் விழவில்லை, தோழர்களே! தாய் விழுந்தாள்!

வழக்கு நடந்தது. 1990இல், சுட்டவர் குற்றவாளியல்லர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். தீர்ப்பைப் பற்றி நான் பேசவரவில்லை. ஊரார் சிலர் பேசினார்களே, அதைப்பற்றிப் பேசவந்தேன். "வேட்டைப் பருவத்திலே வெள்ளைக் கையுறை அணிந்து வெளியே வரலாமா?" என்று கேட்டார்கள்! அதற்குப் பிறகு என் மனத்திலே ஒரு நீதிமன்றம் எழுந்தது. கற்பனை மன்றம்தான். கூண்டிலே நிற்பது யார்? கையுறை!

"நீதானே குற்றவாளி?"

"நான் குளிருக்குப் போர்த்த கம்பளி, ஐயா!"

"வெள்ளை நிறம் ஏன் கொண்டாய்?"

"கடையிலே விற்ற நிறம் அதுதான், ஐயா!"

"மானின் வாலைப்போல் ஏன் அசைந்தாய்?"

"உயிருள்ள கை அசைந்தது, ஐயா! இப்போது அசையவில்லை."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அல்லவா? வலியவனுடைய கை தவறினால் எளியவனுடைய ஆடையைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமா? நம் ஊரிலே கேட்டதில்லையா நாம்?

ஆனால் மெய்ன் மாநிலத்து மக்கள் அதோடு நின்றுவிடவில்லை. 1991இல் சட்டம் செய்தார்கள். வேட்டைக்காரன் விசையை அழுத்துமுன், எதிரே நிற்பது விலங்குதான் என்று ஐயந்திரிபற அறியவேண்டும். தலையும் உடலும் கண்ணுக்குப் புலப்படவேண்டும். ஓசை கேட்டது, ஏதோ அசைந்தது, வெள்ளையாய்த் தெரிந்தது என்பதெல்லாம் இனி விடையாகாது. கையுறையைக் கூண்டிலிருந்து இறக்கி, கண்ணைக் கூண்டிலே ஏற்றிய சட்டம் அது!

இந்த இடத்திலே ஒரு நண்பர் எழுந்து கேட்கலாம்: "சட்டம், சட்டம் என்கிறாயே! மானுக்காகச் சட்டம் செய்தவர்களெல்லாம் நல்லவர்களா?" நியாயமான கேள்வி. அதற்கு விடைகாண வரலாற்றிலே சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

1066இல் இங்கிலாந்தை வென்றான் நார்மன் வில்லியம். வென்ற மண்ணிலே காடுகளை வளைத்தான். "இவை என் வேட்டைக் காடுகள், இவற்றிலுள்ள மான்கள் என் மான்கள்" என்றான். மானைக் கொன்றவனுக்குத் தண்டனை என்ன தெரியுமா? கண்ணைப் பறித்தல்! மான் ஓடிற்று மன்னன் மகிழ. மனிதன் குருடனாய்த் தடவினான் வழிதேடி! 1217இல் காட்டுச் சாசனம் பிறந்தது. மன்னனுடைய மானுக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கவேண்டியதில்லை என்று அந்தச் சாசனத்திலே எழுதவேண்டியிருந்தது. எழுதினால்தானே நிற்கும் என்கிற அளவுக்கு இருந்தது அன்றைய ஆட்சி!

அம்மட்டோடு முடிந்ததா? 1671இல் மற்றொரு சட்டம். ஆண்டுக்கு நூறு பவுன் வருவாய் தரும் சொந்த நிலம் உள்ளவன் வேட்டையாடலாம். இல்லாதவன் துப்பாக்கி வைத்திருந்தால் காவலன் வீடுபுகுந்து பறிக்கலாம். வயலிலே பயிரைக் காப்பவன் உழவன். வயலிலே புகுந்ததை வேட்டையாடும் உரிமையோ பண்ணையாருக்கு! 1723இல் வந்தது கறுப்புச் சட்டம். முகத்திலே கரிபூசிக்கொண்டு, ஆயுதத்தோடு காட்டிலே தென்பட்டாலே தூக்கு! மானைத் திருடினால் தூக்கு! அந்த ஒரே சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குக்கயிற்றை நீட்டிற்று. நூறாண்டுகள் கழித்து, 1823இல்தான் அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. நில வருவாய்த் தகுதி ஒழிய 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த மரபிலே வந்தவர்கள்தாம் நம் நாட்டுக்கும் சட்டம் செய்தார்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்! இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும்; ஐரோப்பியனுக்கோ விதிவிலக்கு! அவன் கோட்டும் தொப்பியும் அணிந்து காட்டிலே புகுவான். புலியின்மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வான். நம்மவன் அவனுக்கு முன்னே தாரை தப்பட்டை அடித்துக்கொண்டு புதரைக் கலைப்பான்!

ஆகவே, தோழர்களே, ஆயுதத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றதும் ஐயப்படுகிறவனை நான் பழிக்கமாட்டேன். ஐயப்படவேண்டும்! ஆனால் ஐயப்பட்டதோடு நின்றுவிடக்கூடாது. "இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது?" என்று கேட்கவேண்டும். மன்னனின் இன்பத்தைக் காத்தது பழைய சட்டம். மக்களின் உயிரைக் காக்கிறதா புதிய சட்டம்? அந்த உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதற்கேள்வி: பருவம் எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவில் தோலுக்கும் இறைச்சிக்குமாக மானைச் சுட்டுச் சுட்டுச் சந்தையிலே குவித்தார்கள். கணக்கின்றித் திரிந்த வெண்வால் மான், சில லட்சமாய்ச் சுருங்கிற்று. பிறகுதான் விழித்தார்கள். 1900இல் லேசி சட்டம் வந்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்கை மாநிலம் கடத்தி விற்பது குற்றமாயிற்று. மாநிலங்கள் பருவம் குறித்தன. 1937இல், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த வரியை ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கினார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பணம் காட்டு விலங்குகளைப் பேணுவதற்கென்றே மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. இன்று அந்த மான் கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. ஓநாய் ஒழிந்த இடங்களிலே பயிரை மேய்கிறது. பாதையிலே காரின்மேல் பாய்கிறது. எனவே வேட்டையும் வேண்டியிருக்கிறது, கட்டுப்பாடும் வேண்டியிருக்கிறது. வேட்டைக்காரன் நமக்குப் பகைவன் அல்லன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வி: எந்தத் துப்பாக்கி? வல்வில் ஓரியின் கதை உங்களுக்குத் தெரியும். கொல்லிமலைத் தலைவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலே கிடந்த உடும்பிலே சென்று தைத்ததாகப் புறநானூறு பேசுகிறது. புலவன் பாடினான்; நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்த ஆற்றலை இன்று ஓர் ஊரின் ஓரத்திலே அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? ஐந்தாவதாகத் தைப்பது உடும்பாக இருக்காது; பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையாக இருக்கும்! ரைபிள் குண்டு மேல்நோக்கிச் சென்றால் சில மைல்கள் பறக்கும். ஆகவேதான் சமவெளியும் வீடுகளும் நிறைந்த சில மாநிலங்கள், மான் வேட்டைக்கு ரைபிள் கூடாது, அருகிலேயே விழுகிற ஒற்றைக் குண்டுபோட்ட ஷாட்கன்தான் என்று நெடுங்காலமாக விதித்தன.

விதித்தது சரியா என்று பிறகு ஆராய்ந்தும் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது! பென்சில்வேனியாவில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விந்தையான முடிவைச் சொல்லிற்று. குழாயை உயர்த்திச் சுட்டால் ரைபிள்தான் தொலைவு செல்லும். ஆனால் தரைமட்டமாகச் சுட்டால், ஷாட்கன் குண்டு தரையிலே பட்டுத் தெறித்து மேலும் பாயக்கூடும். அப்போது அதுவும் ஆபத்திலே குறைந்ததல்ல! "எங்கள் பாட்டன் காலத்து விதி" என்று கட்டிப்பிடித்துக் கொண்டிருக்காமல், சில மாநிலங்கள் விதியைத் திருத்தின. ஒகையோ 2014இல், நேர்க்குழல் தோட்டா போடும் சிலவகை ரைபிள்களை மானுக்கு அனுமதித்தது. சட்டம் செய்வது அறிவு; செய்த சட்டத்தைச் சோதித்துப் பார்ப்பது அதனினும் பேரறிவு. அதை மறந்த ஆட்சிகளின் கதையை நான் உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது கேள்வி: எத்தனை தோட்டா? ஜெர்மனியின் வேட்டைச் சட்டம், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியானால் அதிலே மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றியிருக்கக்கூடாது என்கிறது. பென்சில்வேனியாவிலே, அத்தகைய ரைபிளை மானுக்கும் அனுமதிக்கலாமா என்று 2017இல் ஆலோசித்தார்கள். வேட்டைக்காரர்களையே கேட்டார்கள். "வேண்டாம்" என்றவர்களே மிகுதி! சிறு விலங்குகளுக்கு மட்டும் அனுமதித்து, மானுக்கு மறுத்துவிட்டார்கள். துப்பாக்கி பிடித்தவனெல்லாம் கட்டுப்பாட்டுக்கு எதிரி என்று கூறுகிறவர்களுக்கும், துப்பாக்கி பிடித்தவர் எல்லோருக்காகவும் தாமே பேசுவதாகக் கூறுகிறவர்களுக்கும், ஒரே நேரத்திலே கிடைத்த விடை அது.

நான்காவது கேள்வி: எந்தக் குண்டு? இங்கேதான் மனிதன் தலைகுனிய வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்றோர் ஊர். அங்கிருந்த ஆயுதச் சாலையிலே 1890களில் வெள்ளை ஆட்சி ஒரு குண்டைச் செய்தது. உடலிலே பாய்ந்ததும் மலர்ந்து விரிந்து, சதையைச் சிதைக்கும் குண்டு. ஊரின் பெயரே குண்டுக்குப் பெயராயிற்று. மனிதன்மேல் போரிலே இத்தகைய குண்டைப் பயன்படுத்துவது கொடுமை என்று 1899இல் ஹேக் நகரிலே கூடிய நாடுகள் விலக்கின. பிரிட்டன் உடனே ஒப்பவில்லை, 1907இல்தான் இணங்கிற்று.

அதே பிரிட்டனின் மான் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மானைச் சுடும் ரைபிள் குண்டு விரிகிற குண்டாகத்தான் இருக்கவேண்டும்! மனிதனுக்கு விலக்கியது மானுக்கு விதியாயிற்று. முரண்பாடு என்று துள்ளாதீர்கள், காரணம் கேளுங்கள். விரியாத குண்டு மானை ஊடுருவிக்கொண்டு மறுபுறம் போய்விடும். மான் உடனே சாகாது. ஓடும், புதரிலே ஒளியும், நாட்கணக்கிலே துடிக்கும். ஆகவே, கொல்வதானால் ஒரே நொடியிலே கொல் என்கிறது சட்டம். ஜெர்மனியிலே, சிறிய ரோ மானுக்கு நூறு மீட்டர் தொலைவிலே 1000 ஜூல் ஆற்றலாவது இருக்கவேண்டும். பெரிய மானுக்கு 2000 ஜூல், குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். சாகப்போகும் மானின் வலியைக்கூடச் சட்டம் எண்ணிப் பார்க்கிறது, தோழர்களே! வாழவேண்டிய மனிதனின் வலியை எண்ணிப் பார்க்காத சட்டங்கள் எத்தனை!

இனி, நான் மறக்கமுடியாத செய்திக்கு வருகிறேன். கொன்ற மானோடு கதை முடிவதில்லை. குண்டு எதனால் ஆனது? பெரும்பாலும் ஈயம். எலும்பிலே மோதியதும் ஈயம் தூளாகிறது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாய் இறைச்சிக்குள்ளே பரவுகிறது. அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மிகுந்த இறைச்சியை ஏழையருக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்குக் கொடுப்பார்கள். 2008இல் வட டகோட்டா மாநிலத்திலே அந்த இறைச்சிப் பொட்டலங்களைக் கதிர்வீச்சுக் கருவியிலே வைத்துப் பார்த்தபோது, பலவற்றிலே உலோகத் துணுக்குகள்! அதை வழங்காதீர்கள் என்று அரசு எச்சரித்தது. அவ்வாண்டே அம்மாநிலத்து மக்கள் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வேட்டை இறைச்சி உண்டவர்களிடம் ஈயத்தின் அளவு சற்றே கூடுதல். சிறிதுதான்; மிகைப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று இருப்பதாக மருத்துவ உலகம் இதுவரை கண்டறியவில்லை.

ஈகையோடு ஈந்த இறைச்சியிலே ஈயம்! கொடுத்தவன் கொடியவனா? இல்லை, நல்லவன். வாங்கியவன் பேராசைக்காரனா? இல்லை, பசித்தவன். இருவரும் குற்றமற்றவர்கள், இடையிலே நஞ்சு! இத்தகைய இடத்திலேதான் சட்டம் வேண்டும், தோழர்களே! தீயவரை அடக்க மட்டுமல்ல சட்டம். நல்லவர் அறியாமல் செய்யும் தீங்கைத் தடுக்கவும் சட்டம் வேண்டும்.

மானின் குடலைக் காட்டிலேயே விட்டுச் செல்வார்கள். அதை உண்ண வரும் கழுகும் நஞ்சுண்டு சாகும். கலிபோர்னியக் காண்டார் என்னும் பெருங்கழுகு 1982இல் இருபத்திரண்டே எஞ்சியிருந்தது. எஞ்சியவற்றை 1987க்குள் பிடித்து, கூண்டிலே வளர்த்து, 1992 முதல் காட்டிலே விட்டார்கள். விட்ட கழுகுகளும் மாண்டன. முதன்மையான காரணம் ஈயம். எனவே கலிபோர்னியா, காண்டார் வாழும் பகுதியிலே 2008 முதலும், மாநிலம் முழுவதும் 2019 சூலை 1 முதலும், வேட்டைக்கு ஈயக் குண்டை விலக்கிற்று. செம்புக் குண்டு இருக்கிறதே! அது சிதறாது, விரியும், கொல்லும்.

"செம்பு விலை அதிகமாயிற்றே! குளிர்காலத்துக்கு ஒரு மானை நம்பி வாழும் ஏழை வேட்டைக்காரன் எங்கே போவான்?" உண்மையான கேள்வி இது, ஒதுக்கித் தள்ளக்கூடாத கேள்வி. அரிசோனா மாநிலம் அதற்கு ஒரு விடை கண்டது. 2005 முதல், காண்டார் வாழும் பகுதியில் வேட்டையாடுவோருக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகவே கொடுத்தது. காரணத்தையும் எடுத்துச் சொல்லிற்று. தடையில்லை, தண்டனையில்லை, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஏழையின் முதுகிலே ஏற்றாமல் நன்மையை எப்படிச் செய்வது என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? இதோ!

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? மைய அரசுக்குரிய வனவிலங்குக் காப்பு நிலங்களிலே ஈயக் குண்டைப் படிப்படியாக ஒழிப்பது என்று, ஒபாமா ஆட்சியின் கடைசி முழுநாளான 2017 சனவரி 19இல் ஓர் ஆணை பிறந்தது. ஆட்சி மாறிற்று, மார்ச்சு 2இல் ஆணை மாண்டது! ஆறு வார வாழ்வு! அதே ஈயக் குண்டைத்தான், 2024 ஏப்ரல் முதல் டென்மார்க் நாடு தன் வேட்டைகளிலிருந்து அறவே விலக்கிவிட்டது. சின்னஞ்சிறு நாடு! செய்ய மனமிருந்தது, செய்தது.

"உரிமை! எங்கள் உரிமை!" என்று குரல் எழுப்புகிறார்கள் எதிர்ப்போர். உரிமை என்ற சொல்லைக் கேட்டால் சிலிர்க்கிறவர்கள்தாம் நாம். ஆனால் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. என் கையிலிருந்து புறப்பட்ட குண்டு நான் நிற்கும் நிலத்தோடு நின்றுவிட்டால், அது என் உரிமை. அடுத்தவன் கொல்லைக்குள் புகுந்தால்? ஏழையின் தட்டிலே விழுந்தால்? கழுகின் குருதியிலே கலந்தால்? குண்டு எல்லை தாண்டியபின் உரிமை மட்டும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது என்று வாதாடுவது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டிலே 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் பெற்று வேட்டையாடும் முறையே ஒழிந்தது. மான் வேட்டைப் பருவம் நமக்கு இல்லை. ஆனால் சட்டம் செய்யும் பருவம் நமக்கு உண்டே! தேர்தல்தோறும் வருகிறதே! ஆகவே படிப்பகத் தோழர்களே, நாளை எந்தச் சட்டம் உங்கள் முன் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாரைக் காக்கிறது? யார் முதுகிலே சுமை ஏறுகிறது? சோதித்துப் பார்த்தார்களா? மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லையானால், கொண்டுவந்தவர் நம்மவரே ஆயினும் எழுந்து நின்று கேளுங்கள். 1723இன் கறுப்புச் சட்டமும் சட்டம்தான். 1991இன் மெய்ன் சட்டமும் சட்டம்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவனே அரசியல் அறிந்தவன்.

விடைபெறுமுன், அந்த வெள்ளைக் கையுறையை மீண்டும் நினைவூட்டுகிறேன். இறந்தவளை எந்தச் சட்டமும் எழுப்பவில்லை. ஆயினும், அவளுக்குப் பின்னே அந்த மாநிலத்திலே கொல்லைப்புறம் சென்ற தாய்மார்கள், எந்த நிறக் கையுறை அணியலாம் என்று அஞ்சவேண்டிய கடமையைச் சட்டம் அவர்கள் தோளிலிருந்து இறக்கி, துப்பாக்கி ஏந்தியவன் தோளிலே ஏற்றிற்று. வலிமை எவன் கையிலோ, பொறுப்பும் அவன் கையிலே! மானுக்காகப் பிறந்த சட்டம் மனிதனுக்குச் சொல்லும் பாடம் அது. எடுத்துச் செல்லுங்கள்.